பன்னிரண்டு பேருக்கான புளிசோறு

ஆறு வருடங்களுக்கு முன்பு, கல்லூரிப் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு செமஸ்டர் படிக்க ஆஸ்திரியா போயிருந்தபோது நடந்தது இது. செங்கல்பட்டுப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து இரண்டு பெண்கள் தேர்வாகியிருந்தோம். நான் அணுபுரம் குடியிருப்பில் வளர்ந்தவள். அப்பாவுக்கு அணுமின் நிலையத்தில் வேலை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவள் கருங்குழிக்காரி. அவளுடைய அப்பா டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவர்.

செங்கல்பட்டுப் பக்கத்துப் பேச்சு நாக்கில் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தார்கள். அவளோ ஏர்போர்ட்டிலேயே, “இன்னாடி, பேஸ்து அடிச்ச மாதிரி கீறே? நான் கீறேன்ல!” என்று தோளில் கை போட்டவள். போன முதல் மாதமே நான் காய்ச்சலில் விழுந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்ததும் அவள்தான். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நான் செய்தது எவ்வளவு கேவலம் என்று உங்களுக்குப் புரியாது.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, பரிமாற்ற மாணவர்கள் பன்னிரண்டு பேராக மலையேறக் கிளம்பினோம். உள்ளூர் மாணவி ஒருத்தி எங்களுக்குத் தலைவி; அவளையும் சேர்த்துத்தான் பன்னிரண்டு. அங்கே அவரவர் சாப்பாடு அவரவர் பையில். நான் ரொட்டியும் சீஸும் எடுத்துக்கொண்டேன். ஆனால் வேன் பிடித்துக் கோயிலுக்குப் போகிற வீடுகளில் எல்லோருக்கும் சேர்த்துக் கட்டுவதுதானே பழக்கம்? அவள் விடியற்காலையில் எழுந்து, ஹாஸ்டல் குக்கரில் மூன்று தடவை சோறு வைத்து, ஊரிலிருந்து கொண்டுவந்த புளிக்காய்ச்சலை ஜாடியோடு வழித்துப் போட்டுக் கிளறி, ஆளுக்கொன்றாகப் பன்னிரண்டு பொட்டலம் கட்டியிருந்தாள். அவ்வளவையும் முதுகில் சுமந்துகொண்டு நான்கு மணி நேரம் ஏறினாள்.

மேலே ஒரு புல்வெளியில் எல்லோரும் உட்கார்ந்தோம். அவள் பையைத் திறந்ததும் நல்லெண்ணெயும் பெருங்காயமும் குப்பென்று வந்தது. பக்கத்திலிருந்த பையன் திரும்பிப் பார்த்தான். எனக்கு உடம்பே கூசிவிட்டது.

“உள்ள வை. நாறுது. நீ கையால பிசைஞ்சு சாப்பிடறதைப் பார்த்தா இவங்க என்ன நினைப்பாங்க?” என்றேன். முகத்தை மட்டும் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டேன்.

பையை மூடினாள். “சரி, நீ இன்னாத்துக்கு டென்ஷன் ஆவறே? நான் அந்தாண்ட போய்த் துன்னுட்டு வந்துர்றேன்” என்று ஒரு பாறைக்குப் பின்னால் போனாள்.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மேகம் இறங்குகிறது, கிளம்புங்கள் என்று அவசரப்படுத்தினாள் தலைவி. சிலர் அதற்குள் இறங்கத் தொடங்கிவிட்டார்கள். உன் தோழி எங்கே என்று என்னைக் கேட்டாள். கூப்பிட்டால் எழுந்து வருவாள். எண்ணெய் வழியும் கையோடு வருவாள். அது மட்டும்தான் அப்போது என் மண்டையில் ஓடியது. முன்னாலேயே இறங்கிவிட்டாள் என்றேன். எப்படியும் பின்னால் வந்து சேர்ந்துகொள்வாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கால் மணி நேரத்தில் முன்னால் போகிறவரின் முதுகு தெரியாத அளவுக்கு மூட்டம். அடிவாரத்து பஸ் நிறுத்தத்தில் அவள் இல்லை. போனும் போகவில்லை. அப்போதும் நான் முழு உண்மையைச் சொல்லவில்லை. பாறைப் பக்கம் பார்த்த ஞாபகம் என்று மழுப்பினேன். தலைவியும் இரண்டு பையன்களும் திரும்ப மேலே ஏறினார்கள்.

இரண்டு மணி நேரம். நான் வேண்டாத சாமி இல்லை. கருங்குழிக்குப் போன் போட்டு அவள் அப்பாவிடம் என்ன சொல்வது என்று வார்த்தைகளைக் கோத்துக் கோத்துப் பார்த்தேன். கடைசியில், தப்பான பாதையில் இறங்கி, வழுக்கி விழுந்து, கால் பிசகிக் கிடந்தவளைத் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது.

எல்லோர் முன்னாலும் தலைவி அவளைத் திட்டினாள். சொல்லாமல் எப்படிப் போகலாம், செத்திருந்தால் யார் பொறுப்பு என்று கத்தினாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து, அவிழாத ஷூ லேஸைக் கட்டினேன். அவள் “சாரி” என்று மட்டும் சொன்னாள்.

தேடிப் போன பையன்களுக்கு வழியில் நல்ல பசியாம். அவள் பொட்டலங்களை நீட்ட, கையாலேயே அள்ளித் தின்றிருக்கிறார்கள். இவ்வளவு ருசியான சாப்பாட்டை ஏன் மத்தியானமே தரவில்லை என்று பஸ்ஸில் ஒருவன் என்னைக் கேட்டான். தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன்.

அதன் பிறகு எந்தப் பயணத்திலும் தலைவி அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அவளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ‘இன்னாடி’ மட்டும் நின்றுபோனது.

போன காணும் பொங்கலன்று மாமல்லபுரம் கடற்கரையில், சவுக்குத் தோப்பு நிழலில், அவளைக் குடும்பத்தோடு பார்த்தேன். பக்கத்திலேயே அவள் அப்பாவின் வேன். ஓடிப்போய், “ஏய், என்னைத் தெரியுதா?” என்றேன்.

“தெரியாம இன்னாங்க? நல்லா கீறீங்களா? உக்காருங்க” என்றாள்.

அந்த ‘ங்க’விலேயே எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. “அன்னிக்கு மலையில நான்...” என்று ஆரம்பித்தேன். “அதெல்லாம் எப்பவோ நடந்ததுங்க. மொதல்ல சாப்புடுங்க” என்று தட்டில் புளிசோறு வைத்தாள். பிறகு எதையோ தேடினாள். வீட்டுக் குழந்தை ஒன்று சாப்பிட்டுப் போட்டிருந்த ஐஸ்கிரீம் கப்பிலிருந்து பிளாஸ்டிக் ஸ்பூனை எடுத்து, பாட்டில் தண்ணீரில் நன்றாகக் கழுவி, என் தட்டில் வைத்தாள்.

குத்திக்காட்டினாளா, மரியாதைக்குச் செய்தாளா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்த ஸ்பூனைக் கீழே வைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவள் வீட்டார் எல்லோரும் கையால் பிசைந்து சாப்பிட, நான் ஒருத்தி மட்டும் ஸ்பூனால் அள்ளி விழுங்கினேன். இப்போது வீட்டில் எப்போது புளிசோறு கிளறினாலும், அவர்களோடு கை போட்டுச் சாப்பிடும் உரிமையை நானே தொலைத்தேன் என்பதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.