ஏனோக்கின் நம்பர்

தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் ஒரு சின்ன கிளினிக்கில் பத்தொன்பது வருடமாக நர்ஸ் ஐடா. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், “வேற வேலை இல்லையா?” என்று கேட்டுவிடுவாள்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அங்கே வாரம் ஒருமுறை விரலைக் குத்திக்கொள்வார்கள். வருகிற எண்ணைத் தட்டினால் எத்தனை மில்லிகிராம் என்று கம்ப்யூட்டர் சொல்லும். டாக்டர் கையெழுத்துப் போடுவார்.

மகள் பிரசவத்துக்கு பெங்களூர் போய், ஒரு மாதம் கழித்து வந்த அன்று திரையில் ஒரு பெயரை இரண்டு முறை படித்தாள். ஏனோக், நம்பர் 47. இதய வால்வு மாற்றிக்கொண்டவர். ஊருக்குப் போவதற்கு முந்தைய நாள் அவர் குழியில் இவளே ஒரு பிடி மண் போட்டிருந்தாள். அதற்குப் பிறகும் மூன்று முறை அவர் ரத்தம் பதிவாகியிருந்தது. 1.0. 1.2. 1.6. போதவில்லை என்று மூன்று தடவையும் கம்ப்யூட்டர் அளவை ஏற்றியிருந்தது. மண்ணுக்குள் இருப்பவர் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறாராம்!

“நாப்பத்தேழு!” என்று வெளியே கூப்பிட்டாள் புது லேப்காரி வெண்ணிலா.

பெஞ்சிலிருந்து எழுந்தது ஏனோக்கின் கட்டம்போட்ட சட்டை. ஐடா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

சட்டைக்குள் இருந்தது அவர் தம்பி ஆபிரகாம். மூக்கைப் பொத்திய துண்டு முழுக்க ரத்தம்.

“இன்னாண்ணே இது? அவர் மாத்திரையை நீங்க ஏன் சாப்ட்டீங்க?”

“மைன்ல எங்கப்பா செத்தப்புறம் அவர் நம்பர்லதான் அண்ணன் கீழ எறங்குனாரு. அண்ணன் போனா தம்பிக்குத்தானே சிஸ்டர்? எனக்கும் மூச்சு வாங்குச்சு. இந்தப் பொண்ணு நம்பர் கேட்டுச்சு, சொன்னேன்.”

கம்ப்யூட்டருக்கு முகமா தெரியும்? ஐடாவுக்குத் தன்மேல்தான் ஆத்திரம் வந்தது. செத்தவர் பெயரை அதிலிருந்து எடுக்க மனசு வராமல் விட்டுப்போனது அவள்தான்.

விரலைக் குத்திய இடத்தில் ரத்தம் நிற்கவேயில்லை. மூன்றுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய எண் 8.4 காட்டியது. டாக்டர் ஓடிவந்து ஊசி போட்டார். ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்.

ஆபிரகாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “நிறுத்திடாதீங்க சிஸ்டர். அண்ணன் வால்வு டிக் டிக்னு கேக்குமே, மாத்திரை போட்டதுலேர்ந்து என் நெஞ்சுல கேக்குது. நிறுத்துனா போயிடுவாரு.”

ஐடா குனிந்து அவர் மார்பில் காதை வைத்தாள். ஒரு கிழட்டு நெஞ்சு பயத்தில் அடித்துக்கொண்டிருந்தது. வேறு சத்தம் இல்லை.

“கேக்குதா?”

ஐடா காதை எடுக்கவில்லை.

“கேக்குதுண்ணே. போதும், இனிமே மாத்திரை சாப்பிடாதே தம்பின்னு சொல்றாரு.”