குத்துக்கல்வலசையில் கரைந்த பாறை

குத்துக்கல்வலசையில் என் வீட்டு அஸ்திவாரத்தைப் பார்க்க வந்த இன்ஜினியர் குழிக்குள் இறங்கவே இல்லை. இஸ்திரி மடிப்பு கலையாத பேன்ட். வெட்டிப்போட்ட கட்டியை ஷூ நுனியால் தட்டி, சத்தத்தை வைத்தே மண்ணா பாறையா என்று தீர்ப்புச் சொல்வது அவர் வழக்கம்.

“பாறை வந்துட்டு. தோண்டுனது போதும்.”

மூன்றடிகூட ஆகவில்லை. அதன்மேல்தான் என் வீடு நிற்க வேண்டும்.

கூலி வேலைக்கு வந்து கடப்பாரை பிடித்திருந்த அக்கா அந்தக் கட்டியை வாளித் தண்ணீரில் போட்டார். நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் அது சேறாகிவிட்டது.

“சார், உங்க பாறை கரைஞ்சிட்டு.”

அவர் அசரவில்லை. “தண்ணியில போட்டா எந்தப் பாறையும் கரையத்தாம்மா செய்யும்.”

சீசன் தவறாமல் குற்றாலத்தில் குளிப்பதாக அவரே சொல்லியிருந்தார். தலையில் அருவி கொட்டும்போது எதன்மேல் நிற்பதாக நினைத்துக்கொள்வாரோ, இன்றும் எனக்கு விளங்கவில்லை.