வெர்னா போட்ட எஃப்

வெர்னா நிஸ்காலாவின் குரலைப் பற்றி பெல்ஹார்பரில் இரண்டு அபிப்பிராயம் கிடையாது. முப்பத்து நான்கு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். ஏரிக்கரை வளைவில் வண்டியைத் திருப்பிக்கொண்டே, பின்னால் திரும்பிக்கூடப் பார்க்காமல் "உக்காரு!" என்பாள், கடைசி வரிசையில் நின்றுகொண்டிருக்கும் நாலு பேரில் மூன்று பேர் பொத்தென்று உட்காருவார்கள். ஓய்வு பெற்றபின் அந்தக் குரல் வீட்டோடு அடங்கிவிடுமா என்ன? ஏற்கெனவே பாதி ஐஸ் ஹாக்கிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது, இப்போது முழுசையும் அதற்கே எழுதி வைத்துவிட்டாள்.

ஊர்க் கல்லூரி அணிக்கு நீர்நாய்கள் என்று பெயர். அரங்கத்தின் தெற்கு முனையில், கோலுக்கு நேர் பின்னால், முதல் வரிசையில் ஏழாவது, எட்டாவது இருக்கைகள் அவளுக்கும் அவள் புருஷன் ரேக்கும். முப்பத்தோரு வருடமாக அப்படித்தான். அவள் முகத்துக்கு நேரே தடுப்புக் கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை உண்டு. படம் பிடிக்கிறவர்கள் கேமராவை நுழைக்கப் போட்டது. கேமரா எப்போதாவதுதான் வரும். மற்ற நேரமெல்லாம் ஓட்டை வெர்னாவுடையது. பனித்தரையில் வழுக்கும் ரப்பர் வட்டை அடிக்க எவனாவது மட்டையை ஓங்கினால் போதும், அதில் வாயை வைத்து "கீழே!" என்று ஒரு கத்தல். ரே அவளுக்கு இடப்பக்கம்தான் உட்காருவான். அவனுக்கு வலது காது எப்போதோ போய்விட்டது.

கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவே ஆட்டம் இருக்காது. அந்தச் சனிக்கிழமை காலையில் டோரீனின் சாப்பாட்டுக் கடையில் கூடி அரையாண்டு மார்க் போடுவது ஊர் வழக்கம். தட்டுக்கு அடியில் விரிக்கிற காகிதத்தைத் திருப்பிப் போட்டு, ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் ஏ, பி, சி என்று எழுதி, ஆப்பிள் பை இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுவார்கள். அதற்கு ஒரே ஒரு சட்டம். ஒருவனுக்கு எஃப், அதாவது ஃபெயில், போட்டால், போட்டவர் தன் கையால் ஒரு பாஸ்டி சுட்டு எடுத்துப்போய், அவன் மூஞ்சிக்கு நேரே சொல்ல வேண்டும். மாவுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுடுவதற்கு இங்கே யாரும் அலுத்துக்கொள்ள மாட்டார்கள். நேரே சொல்வதற்குத்தான் ஒருத்தருக்கும் நாக்கு எழும்பாது. அதனால் எவ்வளவு கேவலமாக ஆடினாலும் டி மைனஸோடு விட்டுவிடுவார்கள். எஃப் என்ற எழுத்தை அந்தச் சுவர் பார்த்ததே இல்லை.

இந்த வருடம் பாதி சீசன் முடிந்தபோது வெளியூரில் ஒன்பது ஆட்டத்தில் ஆறு ஜெயம். சொந்த ஊரில் ஒன்பதில் இரண்டு.

"சொந்த ஊர்ல தோக்கறதுக்குன்னே ஒரு டீம் வெச்சிருக்கோம்" என்றான் எல்மர் ட்ரெவார்த்தன். சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். மார்க் போடுவதில் வெர்னாவுக்கு ஜென்மப் பகையாளி. "எல்லாம் அந்தப் புது கோல்கீப்பர் கோல்பியால வந்த வினை. வெளியூர்ல மலை மாதிரி நிக்கறான். இங்க வந்தா மட்டும் சரியறான்."

"பாவம், ஊர் நெனப்பு" என்றாள் டோரீன், காபியை ஊற்றிக்கொண்டே. "கனடாவுல எங்கயோ கோதுமைக் காட்டுல பொறந்த புள்ள."

"வெளியூர் போறப்ப மட்டும் ஊர் நெனப்பு லீவு போட்டுடுமா?"

"அப்ப காதல் தோல்விதான்."

வெர்னா தன் நோட்டை மேசையில் தட்டினாள். எல்லா ஆட்டத்திலும் எந்த நிமிடம் கோல் விழுந்தது என்று அதில் எழுதி வைத்திருப்பாள். "இங்க பாருங்க. சொந்த ஊர்ல முப்பத்தி நாலு கோல் விட்டிருக்கான். அதுல முப்பது மொதப் பகுதியிலயும் மூணாம் பகுதியிலயும். நடுப் பகுதியில நாலே நாலு. ஏன்னு எவனாவது சொல்லு பாப்போம்."

"நடுவுல மட்டும் தூக்கம் கலையுது போல."

ரே தலையைத் தூக்கினான். "நடுப் பகுதியில முனை மாறும். அவன் வடக்குப் பக்கம் நிப்பான்" என்றான். அவன் சொன்னதை யாரும் கண்டுகொள்ளவில்லை. ரே ஒரு நாளைக்குச் சொல்கிற இரண்டு மூன்று வார்த்தையை யார் கண்டுகொள்கிறார்கள்?

"நான் சொல்றேன்யா!" வெர்னாவுக்கு மூச்சு வாங்கியது. "முந்தியே விழுந்துடறான்! எவன் மட்டைய ஓங்கினாலும், அவன் அடிக்கறதுக்குள்ள இவன் முட்டி போட்டுடறான். வட்டு அவன் தோளுக்கு மேல ஹாய்யா உள்ள போவுது. என் கண்ணு முன்னாடி முப்பது தடவ! எனக்கு வயிறு எரியாதா?" சொன்ன வேகத்தில், வருடா வருடம் மார்க் எழுதத் தன்னிடமே இருக்கும் பென்சிலை எடுத்து, கோல்பி பெயருக்கு எதிரே எஃப் என்று போட்டுவிட்டாள்.

கடையில் இருந்தவர்களெல்லாம் எழுந்து வந்து அந்த எழுத்தை எட்டிப் பார்த்தார்கள். எல்மர் மட்டும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "போட்டது போட்டதுதான், அழிக்கக் கூடாது. பாஸ்டி சுடு வெர்னா. நேர்ல போய்ச் சொல்லாம வந்தே, அடுத்த வருஷத்துலேர்ந்து பென்சில் என் கையில. நீ அந்த மூலையில உக்காந்து ஆப்பிள் பை தின்னலாம்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வெர்னா மாவைப் பிசைந்து பிசைந்து அதன் உயிரை வாங்கினாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று தனக்குத்தானே திட்டிக்கொண்டாள். பென்சிலை விடவும் மனசு வரவில்லை. பெற்றவர்களை விட்டு ஆயிரம் மைல் தள்ளி வந்திருக்கிற பிள்ளையிடம் நீ ஃபெயில் என்று சொல்லவும் மனசு வரவில்லை.

"நீங்களும் வாங்களேன்" என்றாள் ரேயிடம்.

"எஃப் நான் போடல" என்றான் ரே.

திங்கள் மதியம் பயிற்சி முடிகிற நேரத்துக்கு அரங்கத்துக்குப் போனாள். கோல்பி காலில் கவசங்களோடு நடைபாதையில் தத்தித் தத்தி வந்தான். கிட்டத்தில் பார்த்தால் முகத்தில் பருக்கள்கூட ஆறவில்லை. வெர்னா பாஸ்டியை நீட்டினாள்.

"தம்பி, இது உனக்கு. சூடா இருக்கு. அப்புறம்... அரையாண்டு மார்க் போட்டோம். நான்தான் போட்டேன். உனக்கு எஃப்."

கோல்பி பாஸ்டியை வாங்கிக்கொண்டான். பிறகு ஒரு வாய் கடித்தான். "சரியாத்தான் போட்டிருக்கீங்கம்மா. நானா இருந்தாலும் அதான் போட்டிருப்பேன்."

அவன் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "ஏன் தம்பி முந்தியே விழறே?" என்றாள்.

"அதாம்மா எனக்கும் புரியல. எங்க கோச் பயிற்சியில 'கீழே'ம்பாரு, சட்டுனு முட்டி போடணும். ஆயிரம் தடவ செஞ்சு செஞ்சு அந்த வார்த்தையக் கேட்டாலே ஒடம்பு தானா விழுந்துடும். இங்க தெற்கு முனையில நிக்கறப்ப யாரோ 'கீழே'ன்னு கத்தறாங்க. எங்காளுங்களக் கேட்டேன், யாரும் இல்லேங்கறாங்க. கோச்சும் இல்லையாம். எனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சோன்னு பயமா இருக்கும்மா. கிறிஸ்துமஸுக்குப் போனப்ப அம்மாகிட்டகூடச் சொல்லல. ஹாக்கிய விட்டுடலாமான்னு பாக்கறேன்."

வெர்னாவின் முகத்தில் ஈயாடவில்லை. முப்பது கோலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் வந்தன. பேசாமல் திரும்பிப் போய்விடலாம். இனி வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், ஒரு பயலுக்கும் தெரியாது, எல்மருக்குத் தெரியவே தெரியாது. பென்சிலும் இருக்கும், மானமும் இருக்கும். ஆனால் இந்தப் பிள்ளை, தனக்குப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டே வண்டி ஏறிவிட்டால்?

"கீழே!" என்றாள் வெர்னா.

கோல்பி அந்த நடைபாதையிலேயே தடாலென்று முட்டி போட்டான். பாஸ்டியை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான்.

அப்படியே நிமிர்ந்து வெர்னாவைப் பார்த்தான்.

"நீங்களா!"

"நான்தான்டா கண்ணு. நாசமாப் போன என் வாய்தான். நீ நல்லாத்தான் இருக்கே, எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் முட்டி போட்டபடியே சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துச் சிரித்துப் புரையேறி, அவள் முதுகில் தட்டிவிட வேண்டியதாயிற்று.

நேரே டோரீன் கடைக்குப் போனாள். எல்மர் சூப்பு குடித்துக்கொண்டிருந்தான். சுவரிலிருந்த காகிதத்தில் கோல்பியின் எஃப்பை அடித்துவிட்டு, 'முடிவு நிறுத்திவைப்பு' என்று எழுதினாள். அடியில் புதிதாக ஒரு வரி: வெர்னா நிஸ்காலா, எஃப். பிறகு நடந்ததை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அவள் எதைச் சொன்னாலும் எல்லோருக்கும் கேட்கும்தான்.

எல்மர் சிரித்ததில் சூப்பு மூக்கில் ஏறிக்கொண்டது. "இரு இரு, இவனுக்கு முந்தி நாலு வருஷமா கோல்ல நின்னானே நம்ம உள்ளூர்ப் பையன், அவன் ஏன் விழல?"

"பன்னண்டு வருஷம் அவ பஸ்ல போனவனாச்சே" என்றாள் டோரீன். "அவ கத்தறதக் காதுல போட்டுக்காம இருக்க ஒண்ணாங் கிளாஸ்லயே கத்துக்கிட்டான்."

"கடைசி வரிசையில உக்காரவே மாட்டானே, அந்த நாலாவது பய!" என்றாள் வெர்னா.

மறுநாள் எல்மர் பாஸ்டியோடு அவள் வீட்டு வாசலில் நின்றான். வெர்னா எஃப்பைத் தானேதான் போட்டுக்கொண்டாள் என்றாலும், அதை மூஞ்சிக்கு நேரே சொல்லும் பாக்கியத்தை அவன் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. "வெர்னா, நீ எஃப்" என்றான். பிறகு என்ன தோன்றியதோ, தொப்பியைக் கழற்றினான். "பென்சில் உங்கிட்டயே இருக்கட்டும்."

ஜனவரியின் முதல் ஆட்டத்தன்று தெற்கு முனையில் ஏழும் எட்டும் எல்மருக்கும் டோரீனுக்கும் போயின. வெர்னாவும் ரேயும் வடக்கு முனையில், மாணவர் கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்தார்கள். அங்கேயும் அதே மாதிரி ஓட்டை. வெர்னா அதைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டாள். இன்றைக்கு வாயே திறப்பதில்லை என்று ரே தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தாள். நடுப் பகுதியில் கோல்பி இந்தப் பக்கம் வந்து நின்றபோது கையுறையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். பக்கத்து மாணவி, இந்த அம்மாவுக்கு ஏதும் வலிப்போ என்று பயந்து பார்த்தாள். கோல்பி விழவில்லை. நின்றான், பார்த்தான், பிடித்தான்.

மூன்றாம் பகுதி. ஒன்றுக்கு ஒன்று. இன்னும் இரண்டு நிமிடம். இப்போது வடக்கு முனையில் எதிரணியின் கோல்கீப்பர். நம் ஆள் ஒருவன் வட்டோடு தனியாகப் புகுந்து வந்தான். மட்டையை ஓங்கினான். கையுறை எப்போது கீழே விழுந்ததென்று வெர்னாவுக்குத் தெரியாது. முப்பத்தோரு வருடப் பழக்கம், ஓட்டையில் வாய் போய்விட்டது.

"கீழே!"

எதிரணிக்காரன் முட்டி போட்டான். வட்டு அவன் தோளுக்கு மேலே ஹாய்யாக உள்ளே போயிற்று.

அரங்கமே எழுந்து குதித்தது. அந்தக் கோடியிலிருந்து கோல்பி தன் மட்டையை உயர்த்தி வெர்னாவைச் சுட்டிக் காட்டினான். வெர்னா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் நின்றாள். அவள் சட்டைப் பையிலிருந்த பென்சிலை ரே மெதுவாக உருவினான். சோளப்பொரிப் பெட்டியின் மேல் எதையோ எழுதி அவளிடம் நீட்டினான்.

வெர்னா, சி ப்ளஸ்.

"சி ப்ளஸ்ஸா?" கத்தியதில் மாணவர் கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. "யோவ், ஆட்டத்தையே ஜெயிச்சுக் குடுத்திருக்கேன்!"

ரே பென்சிலைத் தன் பையில் போட்டுக்கொண்டான். "இன்னும் பாதி சீசன் இருக்குல்ல" என்றான்.