மூத்தவள் மாட்டிய மாற்று லைன்

அந்தப் பயண முன்பதிவு அலுவலகத்தில் டெலிபோன் மெக்கானிக் வேலை பார்த்தவள், ஒரு கூட்டுக் குடும்பத்தின் மூத்த மருமகள். கொழுந்தன் மனைவி கம்ப்யூட்டர் படித்துவிட்டுச் சும்மா இருக்கிறாளே என்று மேலாளரிடம் சிபாரிசு செய்ததும் அவள்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாயிற்று.

இளையவள் வந்த சூட்டோடு தலைமை அலுவலகத்துக்குத் தனி லைன் வாங்கி, எல்லாக் கவுன்டர்களையும் அதில் ஓடவிட்டாள். மேலாளர் வாய் ஓயாமல் புகழ்ந்தார். வீட்டில் மாமியாரோ, "சின்னவ கை பட்டா கல்லும் பேசும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். பெரியவளுக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் மேலாளர் அவளைக் கூப்பிட்டார்.

"மெயின் லைன் படுத்தாலும் கவுன்டர் நிக்கக் கூடாதும்மா. மாற்றா ஒரு ஐ.எஸ்.டி.என். லைன் வாங்கியிருக்கோம். போன் லைன் மாதிரிதானே, நீங்களே ரவுட்டர்ல மாட்டிடுங்க."

அந்த 'தானே' அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வேலையில் குறை வைக்கவில்லை. சுவர்ப் பெட்டியிலிருந்து கேபிளை மேற்கூரை வழியாக இழுத்து, ஒன்றுபோலவே இருந்த துளைகளில் சரியானதைப் பார்த்துச் செருகினாள். மெயின் லைன் அறுந்தால் ரவுட்டர் தானாகவே தலைமை அலுவலகத்துக்கு டயல் செய்ய வேண்டும். அதற்கான கட்டளைகளை இளையவள் சொல்லச் சொல்ல இவள் தட்டினாள். 'பொறுமையா வேற சொல்லித் தர்றா, பாவி!' என்று அதற்கும் பொருமினாள். விடுமுறை நாளில் சோதித்தபோது லைன் உடனே எடுத்தது. பார்த்து மெச்சத்தான் அங்கே ஈ காக்கை இல்லை.

அதன்பின் இடி இடித்தது, மழை கொட்டியது. இளையவளின் லைன் அசையவில்லை; பெரியவள் போட்ட லைனுக்கு வேலையே வரவில்லை. தினமும் காலையில் அதன் பச்சை விளக்கைப் பார்த்துப் பார்த்துப் பெரியவளுக்கு அலுத்துப்போனது. கூட்டம் நெரிந்த ஒரு மத்தியானம், யாரும் இல்லாத நேரம் பார்த்து ரவுட்டர் அறைக்குள் போய், மெயின் கேபிளை உருவிவிட்டுக் கூடத்துக்கு ஓடிவந்தாள்.

கவுன்டர்க்காரரின் திரை ஒரு கணம் நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அதற்குள் திரை நகர்ந்துவிட்டது. டிக்கெட் அச்சாகி வந்தது. ஒருவரும் தலை நிமிரவில்லை.

'நான் இவ்வளவு நல்லாவா வேலை செஞ்சு தொலைச்சேன்!'

கேபிளை மறுபடி மாட்டப் போனாள். இளையவள் அதைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"என்னக்கா, தானா கழண்டுச்சா?"

"கால் பட்டுருச்சு போல."

"ரவுட்டர் நம்ம தலைக்கு மேல இருக்கேக்கா!"

இளையவள் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. கேபிளைச் செருகிவிட்டு, "உங்க லைன் நல்லாப் பிடிக்குதுக்கா. அடுத்த தடவை சொல்லிட்டுக் கழட்டுங்க" என்றாள்.

ராத்திரி எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது இளையவளே பேச்சை எடுத்தாள்.

"இன்னிக்கு மெயின் லைன் போயிருச்சு அத்தை. அக்கா போட்ட லைன்தான் எங்களைக் காப்பாத்துச்சு."

மாமியார் நெகிழ்ந்துபோனாள். பெரியவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மாமியாரின் கை அவளைத் தாண்டிப் போய் இளையவளின் கன்னத்தை வழித்தது.

"ஓரகத்தியை விட்டுக்கொடுக்காம பேசுறியே, இந்த மனசு யாருக்கு வரும்!"

பெரியவள் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவப் போனாள்.

மறுநாளும் இருவரும் ஒரே பேருந்தில்தான் வேலைக்குப் போனார்கள். ஜன்னலோர இருக்கையைப் பெரியவள் முந்திக்கொண்டு பிடித்தாள்.