ஆண்டகளூர் கேட்டுக்கு எனக்காக வந்த கார்

எழுபத்தாறாம் வருடம், மாசி மாதம். காலை ஆறரைக்குச் சேலத்தில் நாமக்கல் பேருந்து ஏறினேன். ஆண்டகளூர் கேட்டுக்கு ஒரு ரூபாய் பத்து பைசா. கோவையில் எங்கள் கம்பெனியின் ஒரே பெண் கெமிக்கல் இன்ஜினியர் நான். வெயிலை நம்பாமல் மரவள்ளி மாவைச் சூடான காற்றில் உலர்த்தும் இயந்திரத்தை வரைந்தவள். அதை ஒரு ஜவ்வரிசி ஆலையில் ஓட்டிக் காட்டி, ஓட்டியது நான்தான் என்று முதலாளியிடம் எழுதி வாங்கி வரவேண்டும். இல்லாவிட்டால் இனி வரைபட மேஜையைவிட்டு நகரக்கூடாது என்பது மேனேஜர் உத்தரவு.

ஏழரைக்கு இறங்கினேன். வரவேண்டிய ஆலைக் காரைக் காணோம். டீக்கடைக்காரரிடம் விசாரித்தேன்.

"இன்ஜினியரக் கூட்டிக்கிட்டு இப்பத்தானுங்க போச்சு. பேண்ட்டு போட்டவரு, கையில ஃபைலு."

அவர் மல்லூரில் ஏறி, வழியெல்லாம் யூரியாவின் பெருமை பேசி வந்த உர விற்பனையாளர். எனக்கு வந்த ஆத்திரத்தில் மூன்று கிலோமீட்டர் நடந்ததே தெரியவில்லை.

எட்டேகாலுக்கு ஆலை. உரக்காரர் கழுத்தில் மாலை, கையில் மோர். என்னைக் கண்டதும் தரையைப் பார்த்தார். நான்தான் இன்ஜினியர் என்றேன். முதலாளி என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, ஆம்பளைங்க யாரும் வரலீங்களா?"

"வந்திருக்காருங்களே, மாலையோட. அவரையே ஓட்டச் சொல்லுங்க."

உரக்காரர் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு நழுவினார்.

ஒன்பது மணிக்குப் பூசணிக்காய் உடைத்து, நான் சுவிட்சைப் போட்டேன். மாவு ஈரம் மாறாமல் கட்டி கட்டியாக விழுந்தது. "பொம்பள கை பட்டா இப்படித்தான்" என்றார் கணக்குப்பிள்ளை. அவருக்குப் பின்னால் ஈர மாவுக் கூடைகளைத் தலையில் சுமந்தபடி இருபது பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் கை படாத மாவு அந்த ஆலையில் ஒரு பிடி கிடையாது. அதைச் சத்தமாகவே சொன்னேன்.

குனிந்து பார்த்தேன். காற்றூதும் விசிறி எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருந்தது. இணைப்புக் கொடுத்த ஆலை ஒயர்மேன் செய்த பிழை. மெயினை இறக்கச் சொல்லி, சுற்றும் திசை மாற, மோட்டாரின் மூன்று ஒயர்களில் இரண்டை இடம் மாற்றி முடுக்கினேன். மறுபடி ஓடவிட்டதும் மாவு வெள்ளை வெளேரென்று கொட்டியது. கூடைக்காரப் பெண் ஒருத்தி ஒரு பிடி அள்ளிக் கசக்கிப் பார்த்து, "காஞ்சிருச்சுங்க" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முதலாளி காகிதத்தை எடுத்தார். "நல்லா ஓடுதுங்க. ஆனா உங்க பேரைப் போட்டா ஊருக்குள்ள சிரிப்பாங்க. கம்பெனி ஆளுங்க ஓட்டுனாங்கன்னு எழுதிப்போடறனே?"

"எழுதுங்க. நான் ஒயரைப் பழையபடி மாத்திட்டுக் கெளம்பறேன். அந்த ஆளுங்க வந்து சரி பண்ணட்டும்."

கொட்டும் மாவைப் பார்த்தார். என் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தார். என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்திட்டார்.

அதன்பிறகு சங்ககிரி, குமாரபாளையம் என்று எத்தனையோ ஆலைகளுக்குப் போய்விட்டேன். எங்கேயும் முதல் பார்வையில் யாரும் என்னை நம்பியதில்லை. நம்புங்கள் என்று நானும் கேட்டதில்லை. மெயின் சுவிட்ச் எங்கே என்றுதான் கேட்பேன்.