பதினோராம் பக்கத்து ஓட்டை

கண் மருத்துவமனையில் டோக்கன் கொடுப்பவரை, தெரிந்தவர்கள் எல்லாரும் கத்தரி அக்கா என்றுதான் அழைப்பார்கள். யாருக்குப் பிறந்தநாள், யாருக்குப் பணி ஓய்வு என்று காதில் விழுந்தால் போதும். புகைப்படங்களைக் கேட்டு வாங்கி, வெட்டி, ஒட்டி, ஓரமெல்லாம் காகிதப் பூ வைத்து ஒரு ஸ்க்ராப் புத்தகம் செய்து கொடுத்துவிடுவார். வேண்டாம் என்று சொல்லும் துணிவு இதுவரை எவருக்கும் வந்ததில்லை.

பக்கங்களை எதைப் பார்த்து அமைக்கிறீர்கள் என்று கேட்டால் அக்காவின் முகத்தில் ஒரு ஞானக்களை வந்துவிடும். "கண்ணத் தொறந்து வெச்சிருந்தா எல்லாமே லேஅவுட்தான்" என்பார். கண் பரிசோதனை அட்டையைப் பார்த்து, மேலே பெரிய படம் ஒன்று, கீழே போகப் போகப் பொடிப்பொடியாக என்று ஒரு குடும்பத்தையே அடுக்கினார். கடைசி வரிசையில் விழுந்த மாப்பிள்ளை தன்னைத் தேடிக் கண்டுபிடிக்கக் கண்ணாடி போட வேண்டியதாயிற்று. மருந்துக்கடை அலமாரி, பேருந்து இருக்கைகள், துணி காயும் கொடி என்று எதையும் அவர் விட்டுவைத்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கோ, எதைப் பார்த்தாலும் எதுவும் தோன்றவில்லை. நான்கு மணிக்குத் தங்கை வருகிறாள். நான்கு வருட ஒப்பந்தத்தில் வெளிநாட்டு வேலைக்குப் போகிறாள். விமான நிலையம் போகும் வழியில் டாக்சியை நிறுத்திப் புத்தகத்தை வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

இருவருக்கும் மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு விருந்தில் பத்துப் பேர் முன்னால், "அக்கா புக்குல ஆளவிடப் பூ ஜாஸ்தி. தோட்டத்துல யாரோ வழி தவறி நிக்கிற மாதிரியே இருக்கு" என்று தங்கை சொல்லிவிட்டாள். கலைஞர்கள் எதையும் மன்னிப்பார்கள், விமரிசனத்தைத் தவிர. அன்றே வீட்டுக்கு வந்த அக்கா, இருவரும் சேர்ந்திருந்த பதினோரு பழைய படங்களிலிருந்தும் தங்கையை மட்டும் வெட்டி எடுத்தார். தலைமுடி ஓரத்தில்கூடப் பிசிறில்லை. அத்தனை கோபத்திலும் கை நடுங்கவில்லை என்பதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை. நெகட்டிவ்கள் எப்போதோ தொலைந்துபோயிருந்தன. வேறு பிரதி கிடையாது.

போன வாரம் தங்கையே போன் செய்தாள். "அக்கா, நாம ரெண்டு பேரும் இருக்கிற போட்டோவெல்லாம் ஒரு புக்கா ஒட்டித் தர்றியா? அங்க எனக்குன்னு யாரும் இல்ல. அந்த சைக்கிள் போட்டோவ மறந்துடாத."

"சரிடி" என்று சொல்லிப் போனை வைத்த பிறகுதான் அந்தப் படங்கள் இருக்கும் லட்சணம் நினைவுக்கு வந்தது. வெட்டியது தெரிந்தால் தங்கை இந்த வாசலை இனி மிதிக்க மாட்டாள்.

வெட்டிய துண்டை எறிகிற பழக்கம் அக்காவுக்குக் கிடையாது. பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்ததில் பத்துத் தங்கைகள் முழுசாகக் கிடைத்தார்கள். ஒவ்வொருத்தியையும் அவளவள் ஓட்டையில் பொருத்தி, பின்னால் டேப் போட்டு, வெட்டுக்கோட்டை மறைக்கச் சுற்றிலும் பூ ஒட்டினார். பதினோராமவளுக்குத் தலை மட்டும்தான் இருந்தது. சைக்கிள் படத்துத் தங்கை. கழுத்துக்குக் கீழே இருந்திருக்க வேண்டிய மஞ்சள் கவுன் எங்கே போயிற்று என்பது நினைவுக்கு வந்ததும் அக்காவுக்கு வியர்த்துவிட்டது. போன வருடம் டாக்டரின் பிறந்தநாள் புத்தகத்தில் ஒரு சூரியகாந்தி பூத்தது. இதழுக்கு நல்ல மஞ்சள் தேடியபோது டப்பாவில் கைக்கு அகப்பட்டது அதுதான்.

படத்தில் அக்கா சைக்கிள் மிதிக்கிறார். பின்னால் கேரியர் இருந்த இடத்தில் ஓர் ஓட்டை. அக்காவின் இடுப்பில் மட்டும் தங்கையின் நான்கு குட்டி விரல்கள்.

மஞ்சள் காகிதத்தில் ஒரு கவுன் வெட்டி வைத்துப் பார்த்தார். மாம்பழத்துக்குத் தலை முளைத்ததுபோல் இருந்தது. ரிப்பன் வைத்தார், எடுத்தார். மூன்றரை.

லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் தேநீரோடு வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"என்ன, மச்சினி ஆவியாப் போயிட்டா?"

"வயித்தெரிச்சலக் கெளப்பாதீங்க. இந்த ஓட்டைய எப்படி மறைக்கிறதுன்னு சொல்லுங்க."

"மறைக்கிறதா? லிஃப்ட் வராத மாடியில நாங்க கதவப் பூட்டி, வண்டி இல்லன்னு எழுதி மாட்டுவோம். லிஃப்ட் படத்த வரைஞ்சு ஒட்ட மாட்டோம். எவனாவது நம்பிக் கால வெச்சுடுவான்."

"உங்ககிட்ட போய்க் கேட்டேன் பாருங்க."

ஆனால் அவர் போன பிறகு அக்கா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாம்பழத்தைக் கசக்கிப் போட்டார். வெறும் வெள்ளைத் தாளின் நடுவில் படத்தை ஓட்டையோடு ஒட்டினார். பக்கத்தில் அந்தத் தலை. அடியில் பேனாவால் எழுதினார்: "நான்தான் வெட்டினேன். கவுன் என்னிடம் இல்லை."

வாழ்நாளில் இவ்வளவு சீக்கிரம் ஒரு பக்கத்தை அவர் முடித்ததில்லை.

டாக்சி வந்தது. தங்கை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பக்கங்களைத் திருப்பினாள். முதல் பக்கத்தில் சிரித்தாள். மூன்றாம் பக்கத்தில் சிரிப்பு நின்றது. ஐந்தாம் பக்கத்தில் ஒரு பூவின் அடியில் நகத்தை விட்டவள், எதையோ நினைத்து எடுத்துக்கொண்டாள். கணவர் தேநீர்க் கோப்பைகளைச் சமையலறைக்குக் கொண்டுபோனவர் அங்கேயே தங்கிவிட்டார்.

பதினோராம் பக்கம். தங்கை அடியில் எழுதியிருந்ததைப் படித்தாள். பிறகு ஐந்தாம் பக்கத்துக்குப் போய் அந்தப் பூவைப் பிய்த்தாள். அடியில் வெட்டுக்கோடு. இரண்டாம் பக்கத்திலும் பிய்த்தாள்.

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

"இந்த வெரல மட்டும் ஏன் விட்ட?"

"அத வெட்டினா என் இடுப்பும் சேந்து போயிருக்கும்."

வாசலில் டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார். தங்கை புத்தகத்தை மூடி எழுந்தாள். மேசைமேல் வைக்கப்போகிறாள் என்றே அக்கா நினைத்தார். அவள் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"வண்டியில ஏறு."

"எதுக்குடி?"

"ஏர்போர்ட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். பதினோரு போட்டோ இருக்கு. ஒவ்வொண்ணையும் வெட்டறப்போ நீ என்னை என்னென்ன திட்டினேன்னு சொல்லிக்கிட்டே வா. ஒண்ணும் விடக்கூடாது."

"நைட்டியோட இருக்கேன்டி."

"அங்க உன்ன யாரும் போட்டோ எடுக்கப் போறதில்ல."

அக்கா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு ஏறினார். பின்சீட்டில் இருவருக்கும் நடுவே ஒரு பெட்டி இருந்தது. தங்கை அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, புத்தகத்தை அதன்மேல் விரித்தாள்.

"மொதப் பக்கத்துலேருந்து ஆரம்பி" என்றாள்.