எரியாத கட்சிக்கு நான் பேசியது

கண்டியில் பாதிக் கூரைகள் என் கடை ஆணியில்தான் நிற்கின்றன. பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று டவுனில் மாடி வைத்த இரும்புக்கடை என்னுடையது. இதைச் சொல்லாமல் நான் எதையும் தொடங்குவதில்லை. சொன்னால்தான் மற்றதையும் நம்புவார்கள்.

என் மகள் பல்கலைக்கழகம் போய் நாடகமும் அரங்கியலும் படித்தாள். கணக்கியல் படிக்கச் சொன்னேன், கேட்கவில்லை. இப்போது அதையே பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். "அழுது நடிக்க ஒரு டிகிரியா? அவங்கம்மா படிக்காமலே நல்லா அழுவாளே" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பேன். அவளும் விடமாட்டாள்.

"நீங்க வருஷா வருஷம் காமன் பொட்டல்ல செய்யிறது என்னாப்பா? ஆணி வியாபாரமா?"

அது வேறு. மாசியில் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். தவத்தைக் கலைத்த காமனைச் சிவன் எரித்துவிடுவார். ரதி தாலியறுத்து அழுவாள். மூன்றாம் நாள் காமன் எழுவான், ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். எரித்த மறுநாள் காலை பொட்டலில் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுவோம். காமன் எரிந்தானா, எரியவில்லையா? எரிந்த கட்சிக்கு நான்தான் தலைவன். என்னை இதுவரை யாரும் வென்றதில்லை. சாம்பலை ஒரு கை அள்ளிக் காட்டி, "இது என்னா, கோதுமை மாவா?" என்பேன். எதிர்க்கட்சி அத்தோடு சரி.

இந்த வருஷம் என் தங்கச்சியை நினைத்துத்தான் கவலை. மச்சான் தவறியதிலிருந்து என் வீட்டில் இருக்கிறாள். ஹுன்னஸ்கிரிய தோட்டத்தில் கொழுந்தெடுத்த காலத்தில் வேலை வாங்கும் கங்காணியே அவள் வாய்க்குப் பயந்து வேறு மலைக்குப் போவாராம். அப்படிப்பட்டவள் பேச்சை நிறுத்திவிட்டாள். வாசலைத் தாண்டுவதில்லை. கோயிலுக்குக் கூப்பிட்டால், "அங்க யாரு இருக்கா?" என்பாள். சாமியையே இப்படிக் கேட்டால் அண்ணன்காரன் என்ன சொல்வது? டாக்டரிடம் காட்டினேன். பெரிய டிவி வாங்கி வைத்தேன். அதன்மேல் சீலையைப் போட்டு மூடிவிட்டாள்.

"அத்தையைக் கூத்துக்குக் கூட்டிப் போவோம்" என்றாள் மகள்.

"புத்தி கெட்டுப் போச்சா? தாலியறுக்கிறதப் பாத்தா இவ தாங்குவாளா?"

"அவங்க இன்னும் அழவேயில்லப்பா. ரதியோட சேர்ந்து அழட்டும். கூத்து பெறகு எதுக்கு இருக்கு?"

எனக்கு அது விளங்கவில்லை. டிவியும் உதவவில்லை என்பதால் சம்மதித்தேன். ஆனால் தங்கச்சி முன்னால் சாம்பலை அள்ளிக் காட்ட மனம் வராது. ஆகவே இந்த முறை எரியாத கட்சிக்குப் பேசுவதாகக் கோயில் கமிட்டிக்குச் சொல்லிவிட்டேன்.

"முதலாளி கட்சி மாறிட்டாரே, தேர்தல் கிட்டவா?" என்று ஒருவர் கேட்டார்.

தங்கச்சி கூத்துக்கு வந்தாள். ரதி வேஷம் கட்டியவர் ஒரு லொறி டிரைவர். அவர் ஒப்பாரி வைத்ததும் பெண்களெல்லாம் அழுதார்கள். என் மகளும் அழுதாள். என் கண்ணில் தூசி விழுந்தது. தங்கச்சி மட்டும் கல்லாக இருந்தாள்.

மறுநாள் காலை மைக்கைப் பிடித்தேன். மகள் சொல்லித் தந்த வாதங்கள் மண்டை நிறைய இருந்தன. ஆனால் தப்பு மேளச் சத்தம் காதில் விழுந்ததும் கை பழைய பழக்கத்தில் தானாகச் சாம்பலை அள்ளியது. "எரிந்தான்! இது என்னா, கோதுமை மாவா?" என்று வாய் முழங்கியது.

என் கட்சிக்காரர்கள் தலையில் கைவைத்தார்கள். எதிர்க்கட்சி விசிலடித்தது. "அப்பா, அது அந்தப் பக்கம்!" என்று மகள் கத்தினாள். நான் சாம்பலும் கையுமாக நிற்க, தங்கச்சி எழுந்து வந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"அண்ணே, கொட்டுங்க அத. பெரிய சாம்பல்! உங்க மச்சானையுந்தான் எரிச்சோம். போயிட்டாரா? நேத்தும் குசினியில நின்னு தேத்தண்ணியில சாயம் பத்தலங்கிறாரு. உசுரோட இருந்தப்பவும் அதே குறைதான்! அந்தாளு நிக்கிறது உங்க கண்ணுக்குத் தெரியுமா? ரதிக்குத்தான் தெரியும். சாமியே அப்பிடித்தான் வச்சிருக்கு."

பொட்டலே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாதக்கணக்காக அடைத்துக் கிடந்த அழுகை. ரதி வேஷக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, தாடி முளைத்த முகத்தோடு அவரும் அழுதார்.

எரியாத கட்சி வென்றது. அதற்குத் தலைவன் நான், ஆகவே பொன்னாடையும் எனக்குத்தான். தோற்காதவன் என்ற பெயர் அப்படியே இருக்கிறது.

கூத்து பொய் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் நெஞ்சு நம்புகிறது. கோயிலும் அப்படித்தானா என்று மகளிடம் கேட்டேன். "நீங்களே யோசிச்சுப் பாருங்கப்பா" என்றாள். நேரே பதில் சொல்லாதது படித்தவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம். நானும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கடையில் ஆள் குறைந்த நேரத்தில் யோசனை நன்றாக வருகிறது.

மூன்றாம் நாள் காமனை எழுப்பும் சடங்குக்கு யாரும் தங்கச்சியைக் கூப்பிடவில்லை. நான் சட்டைப் பொத்தானைப் போடுமுன் அவள் வேனில் ஏறிவிட்டாள்.

"அண்ணே, எழும்புறது காமன், நீங்க இல்ல. எவ்வளவு நேரந்தான் பவுடர் போடுவீங்க?" என்று தெருவே கேட்கக் கத்தினாள்.